தட்டில் அடங்காதவை

வருஷக் கடைசியில் பத்திரிகைகளுக்கு ஒரு வேலை உண்டு. அந்த ஆண்டில் வந்த இசைத்தட்டுகளையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு, இது முதல், இது இரண்டாவது, இது தேறவில்லை என்று நம்பர் போடுவது. ரசிகனுக்கும் இந்த வேலை பிடிக்கும். பரீட்சை எழுதாமலே பேப்பர் திருத்தும் அதிகாரம் வேறெங்கே கிடைக்கிறது? எனக்கும் பிடிக்கத்தான் செய்கிறது. ஆனால் நடக்கிற வருஷத்துக்கு மார்க்குப் போடுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. விளம்பரத்தின் சத்தம் இன்னும் காதில் ரீங்காரம் செய்துகொண்டிருக்கும். ஆகவே, சத்தமெல்லாம் அடங்கிப்போன ஒரு பழைய வருஷத்தை எடுத்துக்கொள்கிறேன்.

வருஷம் 1959. இடம் அமெரிக்கா.

ஏன் அந்த வருஷம் என்று கேட்பீர்கள். விவசாயிக்கு ஒரு வருஷம் விளைகிறது, ஒரு வருஷம் காய்கிறது. சங்கீதத்திலும் அப்படி உண்டு. 1959-ல் அமெரிக்காவில் நல்ல விளைச்சல். அது தற்செயல் அல்ல என்பதும், அந்த விளைச்சலில் ஒரு பகுதி களத்துக்கு வராமலே போயிற்று என்பதும் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் செய்திகள்.

முதலில் தட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் பழைய கிராமபோன் தட்டை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிஷம். மூன்று மணி நேரம் சளைக்காமல் பாடுகிற வித்துவானும் அந்த மூன்று நிமிஷத்துக்குள் தோடியை முடித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். நம்மவர்கள் அதற்குள்ளும் அற்புதம் செய்தார்கள் என்பது வேறு விஷயம். தீப்பெட்டியில் அடங்கும்படி புடைவை நெய்தவர்கள் என்று ஒரு கதை உண்டல்லவா, அந்த மாதிரி.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கொலம்பியா கம்பெனி நீண்ட நேரத் தட்டை வெளியிட்டது. அது நிமிஷத்துக்கு 33 சுற்றும் கொஞ்சமும் போகும். ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடும். பத்து வருஷம் கழித்து, 1958-ல், இரண்டு காதுக்கும் தனித்தனியே ஒலி தரும் ஸ்டீரியோ தட்டு கடைகளுக்கு வந்தது. ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவனுக்குத் திடீரென்று நாலு கட்டு வீடு கிடைத்தது போலத்தான். இடம் கிடைத்ததும் மனிதன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் குணம் தெரியும். சிலர் சாமான்களை வாங்கி அடைக்கிறார்கள். சிலர் ஜன்னலைத் திறந்துவிட்டு நடுக்கூடத்தில் சும்மா உட்கார்ந்துகொள்கிறார்கள். 1959-ல் இரண்டு வகையும் நடந்தது.

அந்த வருஷம் ஜனங்கள் எதை வாங்கினார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 'பீட்டர் கன்' என்ற துப்பறியும் தொலைக்காட்சித் தொடருக்கு ஹென்றி மான்சினி அமைத்த இசை அமோகமாக விற்றது. கிங்ஸ்டன் டிரியோ என்று மூன்று இளைஞர்கள். கோடு போட்ட சட்டை, நறுக்கென்று வெட்டிய கிராப்பு, கையில் கிதாரும் பாஞ்சோவும். கிராமியப் பாட்டைக் கல்லூரி விடுதிக்கு ஏற்றபடி சலவை செய்து மடித்துக் கொடுத்தார்கள். வருஷக் கடைசியில், விற்பனையில் முதல் பத்து இடங்களுக்குள் அவர்களுடைய தட்டுகள் ஒரே சமயத்தில் நான்கு இருந்தன. நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சலவைத் துணியும் தேவைதான். ஆனால் மண் ஒட்டாத கிராமியப் பாட்டைக் கேட்கும்போது, பாக்கெட்டில் வாங்கிய வடுமாங்காய் போல ஏதோ ஒன்று குறைகிறது.

பரிசுகளும் வழங்கினார்கள். கிராமி என்ற பரிசு பிறந்ததே அந்த வருஷந்தான். மே மாதம் 4-ஆம் தேதி முதல் விழா நடந்தது. நவம்பர் 29-ஆம் தேதி இரண்டாவது விழாவையும் நடத்திவிட்டார்கள். இரண்டாவது விழாவில் வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்ற பரிசு பிராங்க் சினாட்ராவின் 'கம் டான்ஸ் வித் மீ'க்குப் போயிற்று. ஜாஸ் குழுக்களுக்கான பரிசு ஜோனா ஜோன்ஸ் என்ற டிரம்பெட்காரருக்கு. சினாட்ரா குரலில் சரக்கு உள்ளவர். ஜோனா ஜோன்ஸும் கெட்டிக்காரர். விருந்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே கேட்கலாம். பேச்சை நிறுத்த வைக்கிற சங்கீதத்துக்கு அன்று மேடையில் இடம் கிடைக்கவில்லை.

இனி என் தராசை எடுக்கிறேன். அதற்கு முன் என் கட்சியைச் சொல்லிவிடுவது நியாயம். ஒரு தட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல, அதில் இருப்பதைக் கேட்டால் மட்டும் போதாது. அதில் அடங்காமல் போனது எது, கத்தியை வைத்தது யார் என்றும் கேட்க வேண்டும். கதை எழுதுகிறவனுக்கு இது இயல்பாகவே தோன்றும். அச்சான பக்கத்தைவிட அடித்த பக்கம் அவனுக்கு நன்றாக நினைவிருக்கும்.

நாட்டுப்புறப் பாணிப் பாடகர் மார்ட்டி ராபின்ஸ் 1959 ஏப்ரல் 7-ஆம் தேதி நாஷ்வில் நகரில் ஒரே நாளில் ஒரு ஆல்பம் முழுவதையும் பாடி முடித்தார். துப்பாக்கி வீரர்களைப் பற்றிய கதைப்பாட்டுகள். அதில் 'எல் பாசோ' என்ற பாட்டு நாலரை நிமிஷத்துக்கு மேல் ஓடுகிறது. காதல், பொறாமை, கொலை, ஓட்டம், திரும்பி வருதல், மரணம் எல்லாம் அதற்குள் நடந்துவிடுகின்றன. ஒரு நல்ல சிறுகதையின் கட்டு அதில் இருக்கிறது. ரேடியோக்காரர்களுக்கு மூன்று நிமிஷத்துக்கு மேல் பொறுமை இல்லையே என்று கம்பெனி ஒரு குறுக்கிய வடிவத்தையும் தயாரித்து அனுப்பியது. ஜனங்கள் முழுப் பாட்டைத்தான் கேட்டார்கள். 1960 ஜனவரியில் அது விற்பனையில் முதலிடத்துக்கு வந்தது. கதையில் எந்த இடத்தை வெட்டினாலும் ரத்தம் வரும் என்பது பதிப்பாளர்களுக்குத் தெரியாவிட்டாலும் வாசகர்களுக்குத் தெரியும்!

கண் பார்வை இழந்த ரே சார்லஸின் கதை வேறு. 1958 டிசம்பரில் ஒரு நடன விடுதியில் நிகழ்ச்சியை முடித்துவிட்டார். நேரம் மிச்சம், பாட்டு தீர்ந்துவிட்டது. "நான் வாசிக்கிறேன், நீங்கள் பின்னாலேயே வாருங்கள்" என்கிற மாதிரி குழுவினருக்குச் சொல்லிவிட்டு மனம் போனபடி தொடங்கினார். அதுதான் 'வாட்டைட் ஐ சே'. பிப்ரவரியில் அதை ஒலிப்பதிவு செய்தபோது ஆறு நிமிஷத்துக்கு மேல் வந்துவிட்டது. அட்லான்டிக் கம்பெனி அதை இரண்டாகப் பிளந்து, சின்னத் தட்டின் இரண்டு பக்கத்திலும் போட்டது. மாதா கோயிலில் போதகர் ஒரு வரி சொல்ல, சபையார் பதில் சொல்லும் முறை உண்டு. அதை எடுத்து அவர் காதலுக்கு வைத்துவிட்டார். சில ரேடியோ நிலையங்கள் ஆபாசம் என்று ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் அது விற்றது. அதே வருஷம் அவருடைய 'தி ஜீனியஸ் ஆஃப் ரே சார்லஸ்' ஆல்பமும் வந்தது. ஒரு பக்கம் பெரிய பித்தளை வாத்தியக் கோஷ்டி, மறு பக்கம் வயலின்களின் பட்டாளம். என் அபிப்பிராயத்தில் முதல் பக்கம் சுத்தமான பில்டர் காப்பி. இரண்டாவது பக்கத்தில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல். ஆனால் அந்தக் குரலின் கசப்பு சர்க்கரையையும் மீறி நாக்கில் நிற்கிறது.

சாஸ்திரீய சங்கீதத்தின் பக்கம் ஒரு நடை போய்வரலாம். அந்தத் தட்டு பிறந்தது அமெரிக்காவில் அல்ல, வியன்னாவில். வாக்னரின் 'தாஸ் ரைன்கோல்ட்' இசை நாடகத்தை, ஜார்ஜ் சோல்டி நடத்த, ஜான் கல்ஷா என்ற தயாரிப்பாளர் 1958-ல் டெக்கா கம்பெனிக்காக ஒலிப்பதிவு செய்தார். 1959-ல் அது மூன்று தட்டுகளாக வெளிவந்தது. தொடக்கத்தில் 136 அளவைகளுக்கு ஒரே சுருதிக் கூட்டு அசையாமல் நிற்கிறது. ஆற்றின் அடியில் வெள்ளம் எழுவது போல மெல்ல மெல்லப் பெருகுகிறது. பழைய 78 தட்டாயிருந்தால் ஆறு எழுவதற்குள் பக்கம் முடிந்திருக்கும். பாதாளத்துக் கொல்லர்கள் வேலை செய்யும் இடத்தில் வாக்னர் 18 அடைகல்களைக் கேட்டிருக்கிறார். பல அரங்குகளில் ஏதோ ஒப்பேற்றிவிடுவார்கள். கல்ஷா உண்மையிலேயே 18 அடைகல்களைக் கொண்டுவந்து அடிக்க வைத்தார். இவ்வளவு கனமான சரக்கு அமெரிக்காவில் எல்விஸ் பிரஸ்லியின் தட்டுகளோடு விற்பனைப் பட்டியலில் இடம் பிடித்தது. ஆனால் ஒன்று. இடைவேளையே இல்லாமல் இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும் என்று வாக்னர் எழுதிய நாடகத்தை நாம் ஐந்து முறை எழுந்து தட்டை மாற்றிக் கேட்க வேண்டியிருந்தது. நாலு கட்டு வீட்டுக்கும் சுவர் உண்டு.

இனி அந்த வருஷத்தின் சிகரங்களுக்கு வருகிறேன். நியூயார்க்கில் முப்பதாவது தெருவில் கொலம்பியா கம்பெனியின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. முன்பு ஆர்மீனியர்களின் மாதா கோயிலாக இருந்த கட்டடம், உயர்ந்த கூரை. மார்ச்சு முதல் ஆகஸ்டு வரை ஆறு மாதத்துக்குள் அந்தக் கூரையின் கீழ் மூன்று ஜாஸ் ஆல்பங்கள் பிறந்தன.

முதலாவது, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ'. மார்ச்சு 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாளில் பதிவாயிற்று. ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் அடர்லி, பில் எவன்ஸ் என்று ஒவ்வொருவரும் தனிக் கச்சேரி செய்யத் தக்கவர்கள். அதுவரை ஜாஸ் வித்துவான்கள் வேகமாக மாறிக்கொண்டேயிருக்கும் சுருதிக் கூட்டுகளின் மேல், ஓடுகிற ரயிலின் கூரைமேல் தாவுவதுபோலத் தாவித் தாவி வாசித்தார்கள். டேவிஸ் அந்த ரயிலை நிறுத்தினார். ஒரு ஸ்வர வரிசையைக் கொடுத்து, இதிலேயே நின்று யோசியுங்கள் என்றார். அதை ராகம் என்று சொன்னால் நம் பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள், ராகம் அல்லதான். ஆனால் ஓரிடத்தில் நின்று அதன் ஆழம் பார்க்கும் சுகம் நமக்குப் பழக்கப்பட்டது. ஐந்தே உருப்படிகள், முக்கால் மணி நேரம். கிடைத்த இடத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்தவர் என்று சொன்னேனே, அது இவரைத்தான்.

இந்தத் தட்டிலும் ஒரு விசித்திரம் உண்டு. மார்ச்சு மாதம் பதிவான முதல் பக்கத்தில், ஒலிநாடா இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடிவிட்டது. அதனால் தட்டில் அந்தப் பக்கம் முழுவதும் சுருதி சற்று ஏறிக் கேட்டது. 1992-ல்தான் அதைத் திருத்தினார்கள். 33 வருஷ காலம் உலகமே தலையாட்டி ரசித்த சுருதி, அவர்கள் கூடத்தில் வாசித்த சுருதி அல்ல!

சுருதிக்குத் திருத்தம் வந்துவிட்டது. இன்னொன்றுக்கு வரவில்லை. தட்டு ஆகஸ்டு 17-ஆம் தேதி வெளியாயிற்று. எட்டு நாள் கழித்து, ஆகஸ்டு 25-ஆம் தேதி இரவு, பேர்டுலாண்டு என்ற ஜாஸ் விடுதியில் வாசித்துவிட்டு, நடுவில் கொஞ்சம் காற்று வாங்க டேவிஸ் வாசலில் நின்றார். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை டாக்சியில் ஏற்றிவிட்டிருந்தார். போலீஸ்காரர் நகரச் சொன்னார். வாசலில் விளக்குப் போட்ட பலகையில் இருந்த தம் பெயரைக் காட்டி, நான் இங்கேதான் வேலை செய்கிறேன் என்றார் டேவிஸ். தலையில் அடி விழுந்தது. ரத்தம் வழிந்த சட்டையோடு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னால் நீதிமன்றம் அவரை விடுவித்துவிட்டது. அவ்வளவு அமைதியான தட்டை நான் கேட்டதில்லை. அந்த அமைதியை உண்டாக்கியவருக்கு அவர் பெயர் எழுதிய பலகையின் கீழேயே நிற்க அனுமதி இல்லை. இதை அறிந்த பிறகு தட்டு கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் அந்த அமைதி இரவல் வாங்கிய அமைதி அல்ல, சம்பாதித்தது என்று தெரிகிறது.

இரண்டாவது, சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ உம்'. மே மாதம் இரண்டு நாளில் பதிவானது. என் பட்டியலில் முதல் இடம் இதற்குத்தான். 'கைண்ட் ஆஃப் புளூ'வை இரண்டாவதாக வைக்கிறாயா என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். டேவிஸின் தட்டு ஒரு மனநிலை. மிங்கஸின் தட்டு ஒரு ஊர். அதில் மாதா கோயில் இருக்கிறது, சாராயக்கடை இருக்கிறது, சாவு வீடு இருக்கிறது, கோபமும் நையாண்டியும் இருக்கின்றன. நாவல்காரனுக்கு ஊர்தான் வேண்டும். லெஸ்டர் யங் என்ற சாக்ஸபோன் மேதை அந்த மார்ச்சு 15-ஆம் தேதி காலமானார். இரண்டு மாதம் ஆவதற்குள் மிங்கஸ் அவருக்கு ஓர் இரங்கற்பா வாசித்துவிட்டார். யங் அணிந்த தட்டைத் தொப்பியின் பெயரே அதன் தலைப்பு. அழுகை இல்லாத துக்கம் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு அதைப் போட்டுக் காட்டுவேன். அந்த இரங்கற்பாவிலும் கம்பெனி ஏறக்குறைய ஒரு நிமிஷத்தை வெட்டியது. ஆல்பத்தின் வேறு பல உருப்படிகளிலும் அப்படியே. வெட்டிய பகுதிகள் 1979-ல்தான் வெளியே வந்தன.

வெட்டியது நிமிஷங்கள் மட்டும்தானா? 1957-ல் ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், கறுப்பு மாணவர்கள் ஒன்பது பேர் வெள்ளையர் படித்த பள்ளிக்குள் நுழையாதபடி, ஆளுநர் ஆர்வல் ஃபாபஸ் படையைக் கொண்டு தடுத்தார். ஜனாதிபதி ஐசனோவர் ராணுவத்தை அனுப்பித்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. அந்த ஆளுநரைக் கேலி செய்து மிங்கஸ் அமைத்தது 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்'. கொலம்பியாவின் தட்டில் அது வாத்தியமாக மட்டும் இருக்கிறது. மறு வருஷம் கேண்டிட் என்ற சிறிய கம்பெனியின் தட்டில் அதே உருப்படி காரசாரமான சொற்களோடு வந்தது. கொலம்பியா சொற்களை அனுமதிக்கவில்லை என்பது பரவலான செய்தி. சொற்கள் பின்னால்தான் எழுந்தன என்பாரும் உண்டு. எது எப்படியாயினும், முதல் தட்டைக் கேட்டுப் பாருங்கள். வாத்தியங்கள் நொண்டியடித்து நடக்கும் அந்த நடை ஒன்றே போதும். வாயைக் கட்டினால் முதுகும் தோளும் பேசும் என்பதை மிங்கஸ் நன்றாக அறிந்திருந்தார்.

மூன்றாவதற்குப் போகுமுன், கொலம்பியாவுக்கு வெளியே ஒருவர். ஆர்னெட் கோல்மன், பிளாஸ்டிக் சாக்ஸபோனை வைத்துக்கொண்டு, பியானோவே இல்லாமல், மே 22-ஆம் தேதி ஹாலிவுட்டில் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' ஆல்பத்தைப் பதிந்தார். நவம்பரில் நியூயார்க் வந்து வாசித்தபோது ஊர் இரண்டு கட்சியாயிற்று. லெனார்டு பெர்ன்ஸ்டைன் புகழ்ந்தார். மைல்ஸ் டேவிஸ் பரிகசித்தார். எனக்கு அதில் பாதி இன்னும் எட்டவில்லை. ஆனால் 'லோன்லி உமன்' என்ற உருப்படி, நடுநிசியில் பக்கத்து வீட்டில் யாரோ அழுவதைக் கேட்பதுபோல, புரியாமலே தூக்கத்தைக் கெடுக்கிறது. அதற்கு மார்க்குப் போடாமல் இருக்க முடியாது.

மூன்றாவது, டேவ் புரூபெக் குழுவின் 'டைம் அவுட்', டிசம்பரில் வந்தது. 1958-ல் அமெரிக்க அரசாங்கமே இந்தக் குழுவை உலகச் சுற்றுப்பயணம் அனுப்பியிருந்தது. துருக்கிக்கும் இந்தியாவுக்கும் வந்தார்கள், சென்னையிலும் வாசித்தார்கள். இஸ்தான்புல் வீதியில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளம் 'புளூ ரோண்டோ அ லா டர்க்' ஆயிற்று. தக தக தக தகிட என்று மூன்று முறை, பிறகு தகிட தகிட தகிட. பால் டெஸ்மாண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை. நம் கண்ட சாப்பைத் தலைகீழாகப் போட்ட மாதிரி, மூன்றும் இரண்டும். நாலு எண்ணிக்கைக்கே காலைத் தட்டிப் பழகிய ஊரில் இது விற்காது என்று கம்பெனியின் விற்பனைக்காரர்கள் தலையில் கையை வைத்துக்கொண்டார்கள். எங்கள் மாடியில் மிருதங்கம் பயிலும் பையன் அதை முதன்முறை கேட்டபோது, சிரமமில்லாமல் தொடையில் தட்டிக்கொண்டே, "இதில் என்ன மாமா கஷ்டம்?" என்றான். கஷ்டம் தாளத்தில் இல்லை, விற்பவரின் பயத்தில் இருந்தது. 1961-ல் அந்த ஆல்பம் விற்பனையில் இரண்டாம் இடம் வரை போயிற்று. உலகம் முழுவதும் காப்பிக் கடைகளில் போட்டுப் போட்டுத் தேய்த்துவிட்டதால் 'டேக் ஃபைவ்' எனக்குக் கொஞ்சம் அலுத்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோ மொரெல்லோவின் டிரம் தனி வரும்போது மட்டும் அலுப்புப் போய்விடுகிறது.

அந்தக் குழுவில் நால்வர். டபிள் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பர். மற்ற மூவர் வெள்ளையர். எங்கள் நாட்டில் எல்லோரும் சமம் என்று வெளிநாட்டாருக்குக் காட்ட, அரசாங்கத்துக்கு இந்த நால்வரும் சேர்ந்து வேண்டியிருந்தார்கள். உள்நாட்டில் சங்கதி வேறு. 1960-ன் தொடக்கத்தில் தென் மாநிலங்களில் 25 கல்லூரிக் கச்சேரிகள் ஏற்பாடாகியிருந்தன. ரைட்டுக்குப் பதில் ஒரு வெள்ளையரை அழைத்து வாருங்கள் என்று கல்லூரிகள் கேட்டன. புரூபெக் மறுத்தார். பெரும்பாலான கச்சேரிகள் ரத்தாயின, வருமானமும் போயிற்று. ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில், ரைட் வாசிக்கட்டும், ஆனால் காமிராவில் தெரியாத இடத்தில் நிற்கட்டும் என்றார்கள். அதற்கும் புரூபெக் ஒப்பவில்லை.

நிமிஷத்தை வெட்டலாம், சொல்லை வெட்டலாம், பெயரைக் காட்டிய மனிதனை அடிக்கலாம் என்று பார்த்தோம். ஆனால் இந்த ஒரு வெட்டு மட்டும் தட்டில் பலிக்கவில்லை. 'டேக் ஃபைவ்' இனி உங்கள் காதில் விழும்போது, அது எந்தக் காப்பிக் கடையானாலும் சரி, சாக்ஸபோனை ஒரு நிமிஷம் விட்டுவிட்டு அடியில் போகிற கனத்த தந்தியைக் கவனியுங்கள். மூன்றும் இரண்டும், மூன்றும் இரண்டும் என்று கடைசி வரை அசையாமல் போய்க்கொண்டிருப்பது யூஜின் ரைட்டின் கை. படத்திலிருந்து அவரை விலக்கப் பார்த்தவர்கள் உண்டு. தட்டிலிருந்து விலக்கியிருந்தால் தாளமே நின்றிருக்காது.